சமக்குறிக்குப் பக்கத்தில் ஒரு அலைக்கோடு

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. விழுப்புரத்தில் பஸ் ஏறும்போதே குடைக்கம்பி போச்சு. திண்டிவனம் ஆபீசில் பதினொன்று வரை கரண்ட் இல்லை.

செருப்புக் கம்பெனிக்குப் பெண்கள் எடுக்கும் லிஸ்ட். கம்பெனி வண்டி காணை, வல்லம் இரண்டு ஒன்றியத்துக்குத்தான் போகும். கம்ப்யூட்டர் விதிப் பெட்டியில் நான் எழுதியது மூன்று வரி. காணை அல்லது வல்லத்துக்குச் சமம் என்றால் எடு. இரண்டுக்கும் சமமில்லை என்றால் தள்ளு (மேனேஜர் சார் டபுள் செக் கேட்டார்). வயது முப்பத்தைந்து ஆகிவிட்டால் தள்ளு.

ஓட்டிப் பார்த்தேன். இரண்டு ஒன்றியத்திலும் முக்கால்வாசிப் பேர் காலி. ஏன்?

நவ. 4, செவ்வாய்

தன் விண்ணப்பம் என்னாச்சு என்று கேட்க, காணையிலிருந்து இரண்டு பஸ் மாறி நனைந்தபடி வந்தார் ஸ்டெல்லா அக்கா. கரும்பு வெட்டும் வேலை. முதுகு போய்விட்டதாம். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தைந்து முடிகிறது. இந்த வெள்ளி லிஸ்ட்டை விட்டால் அவ்வளவுதான்.

"ஃபாரத்துல இங்கிலீஷ் பெரிய எழுத்துல எழுதுன்னு போட்டு இருந்துச்சுங்க. அப்படியே எழுதனேன். எதுனா தப்பாங்க?"

தப்பு என்னுடையது. நான் விதியில் ஊர்ப் பெயருக்கு முதல் எழுத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருக்கிறேன். வெறும் சமக்குறிக்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. சொன்னதைக் கேட்டவர்கள் வெளியே, கேட்காதவர்கள் உள்ளே. நல்ல நியாயம்.

நவ. 5, புதன்

பிடித்துவிட்டேன். சமக்குறிக்குப் பக்கத்தில் ஒரு அலைக்கோடு. போட்டால் பெரிசு சிறிசு பார்க்காது. முதல் வரியை மட்டும் ஓட்டினேன், அக்கா பெயர் வந்தது. போன் பண்ணிக் கட்டாயம் வரும் என்றேன். யார் கேட்டது இந்தக் கட்டாயத்தை.

வாங்க: குடை, கிராம்பு, வறுக்க மல்லாட்டைக் கடலை அரை கிலோ.

நவ. 7, வெள்ளி

பல்வலி, கன்னம் வீங்கிவிட்டது. நான்கு மணிக்கே பெர்மிஷன். ஐந்துக்கு லிஸ்ட் தானாகவே ஓடிக் கம்பெனிக்குப் போய்விடும். போகட்டும், சரி செய்தாச்சே.

நவ. 8, சனி

அக்கா பெயர் இல்லை. காணை, வல்லம் இரண்டிலும் பாதிக்கு மேல் இல்லை.

இரண்டாவது வரி. "சமமில்லை"க்கும் தனியாக ஒரு அலைக்கோடு வேண்டும். போடவில்லை. முதல் வரி கைகொடுத்து ஏற்றியவர்களை இரண்டாவது வரி பிடித்து இறக்கிவிட்டது. நான் பல்லைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில்.

சாரிடம் சொன்னேன். ஒரே ஒரு பெயர், கம்பெனியில் பேசுங்கள் என்று கெஞ்சினேன்.

"போன லிஸ்ட் போனதுதாம்மா. கம்பெனில இனி திங்கக்கிழமைதான் வாங்குவாங்க. அன்னிக்குத் திரும்ப ஓட்டு, எல்லாரும் வந்துடுவாங்க."

எல்லாரும். சரி.

நவ. 9, ஞாயிறு

வீட்டில் கேப்பைக்கூழ்தான் இறங்கியது. அக்காவுக்கு இன்று பிறந்தநாள். இரண்டு தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன். கோழை.

நவ. 10, திங்கள்

மழை விட்டிருக்கிறது. இரண்டாவது வரியிலும் அலைக்கோடு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஓட்டினேன். விட்டுப்போன பெண்கள் ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள், அவரைத் தவிர. அவரைத் தள்ளியது மூன்றாவது வரி. அதில் எழுத்தே கிடையாது, வெறும் எண், முப்பத்தைந்து. எந்தக் கோடு போட்டும் ஒன்றும் ஆகாது. விதி இப்போது மூன்று வரியும் சரி. சார் பாராட்டினார்.

மூன்றரைக்கு அக்காவே கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மெசேஜ் வந்துவிட்டதாம்.

"எனக்கு இன்னும் வர்லங்க. பரவால்ல, நீங்கதான் கட்டாயம்னு சொல்லிட்டீங்களே. கரும்புக்கு இனிமே வரமாட்டேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், வேற ஆள் போட்டுக்கினாரு. நாளைக்கு வண்டி எத்தினி மணிக்குங்க?"

ஆறரைக்கு என்றேன்.