சம்பளத்தில் பிடிக்கிற கார்

08.03.1993, திங்கள்

செபநாயகத்துக்குக் கார் எடுத்துக் கொடுத்தேன். பழைய ஒஸ்ரின், சாம்பல் நிறம். வாங்கியது என் காசில், பதிவு என் பெயரில். அவருடைய சம்பளத்தில் மாதம் தொள்ளாயிரம் பிடிப்பேன். முப்பத்தாறு மாதம் முடிந்தால் கார் அவருக்கு. இடையில் வேலையை விட்டால் எனக்கு.

பத்து வருடமாகக் குருநகரிலிருந்து மருதனார்மடம் சந்தைக்கு என் கருவாட்டுச் சாக்கைச் சைக்கிளில் கட்டி மிதித்த மனிதர். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முதலாளியம்மா, இதிலை உங்களுக்கு என்ன லாபம்?"

"மழைக்குக் கருவாடு நனையாது."

உண்மையான லாபம் எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு ஆள் எங்கும் போகமாட்டார்.

14.03.1993, ஞாயிறு

பொருளாதாரத் தடையில் பெற்றோல் ஏது? ஊசியால் நாலு துளி விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டம். என்னையும் தங்கச்சி ஸ்ரெல்லாவையும் பூசைக்கு ஏற்றிப் போனார். வழியெல்லாம் புகை.

"அண்ணை, உது காரோ, அடுப்போ?" – ஸ்ரெல்லா.

"அடுப்பெண்டாலும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்குதெல்லே, பிள்ளை!"

கோயில் வாசல் வரை சிரித்தேன். கணவர் கடலோடு போய்ப் பதினான்கு வருடம். ஒரு கூடைக் கருவாட்டில் தொடங்கி இன்று ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். வீட்டில் பகிடி விட ஒரு ஆள் இல்லை என்பது இன்றுதான் உறைத்தது.

30.04.1993

சந்தைக்கு நான் போகத் தேவையில்லை. ஆனாலும் காரில் ஏறிப் போகிறேன்.

12.07.1993, திங்கள்

கனடாவிலிருந்து அவருடைய தம்பி எழுதியிருக்கிறான். ஸ்பொன்சர் சரிவந்துவிட்டதாம், கொழும்பில் நேர்முகமாம். யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் சொன்ன நாளில் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். மனிதர் கலியாணமும் செய்யவில்லை, உறவென்று இங்கே யாருமில்லை.

"நீங்கள் கையெழுத்து வைப்பியளோ?"

"காருக்கு இன்னும் முப்பத்திரண்டு மாசம் கிடக்கு" என்றேன்.

என்ன வாய் இது எனக்கு!

15.07.1993

ஸ்ரெல்லா கேட்டுவிட்டாள்: "அக்கா, நீ கையெழுத்து வைக்காட்டி ஆள் இஞ்சை நிப்பார்தான். பிறகு உன்ரை முகத்தைப் பாப்பாரோ?"

எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்: சரக்கின்ரை விலையெண்டா ஒரு நிமிசத்திலை சொல்லிப்போடுவன். 'போகாதையுங்கோ' எண்ட ஒரு சொல் – அது வருகுதில்லை. சொன்னால் என்னெண்டு சொல்லுறது? முதலாளியாகவோ? வேறை ஆராகவோ?

19.07.1993, திங்கள்

சாவியை மேசையில் வைத்தார்.

"பிடிச்ச நாலு மாசக் காசும் உங்களோடை கிடக்கட்டும். வேலையை விட்டால் கார் உங்களுக்கு எண்டுதானே பேச்சு."

"பாஸ் எடுக்க எப்ப போறது? நான் வாறன்."

நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் திரும்பாட்டி உங்களைப் பிடிப்பினம்."

"கருவாட்டுக்காரியைப் பிடிச்சு என்ன செய்யிறது? மணம் தாங்காமல் விட்டிடுவினம்."

அவர் சிரிக்கவில்லை. "திரும்பி வருவியளோ?" என்று நானே கேட்டேன்.

"பொய் சொல்லவோ, மெய் சொல்லவோ?"

"ரண்டும் வேண்டாம்."

22.07.1993, வியாழன்

கையெழுத்து வைத்தேன். கடல்நீரேரியைத் தாண்டக் கிளாலியில் படகேற இன்று புறப்பட்டார், ஒரு பையோடு. காரில் கொண்டுபோய் விடவா என்று கேட்க நினைத்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது.

பாஸ்: முப்பது நாள். பிணை: நான், பெர்னடெட், குருநகர். கார்: அவருடைய முப்பத்தாறு மாதம் முடிகிற 1996 பெப்ரவரி வரை விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை.