பேனர் ஆலங்காயத்தில், நான் குட்டை நடுவில்

நவம்பர் 24, திங்கள்

தூறல். மலையேறும் பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை. இடது தோள் முழுக்க ஈரம். பதினொரு மணிக்கு ரிசார்ட்.

மாலத்தீவில் ஒரு தீவு ரிசார்ட்டுக்கு ஏசி மெக்கானிக் வேலை. ஐடிஐ முடித்து மூன்று வருடமாக கம்ப்ரசர் பிரிக்கிறேன். ஆனால் அங்கே மெக்கானிக்கும் விருந்தினர் அறைக்குள் போக வேண்டுமாம். அதனால் ஐந்து நாள் ஓட்டல் வேலைப் பயிற்சி, இந்த ஜவ்வாது மலையில். ஆறு பேர் வந்திருக்கிறோம். எடுப்பது நாலு பேரை. முடிவு வெள்ளிக்கிழமை.

பயிற்சி தருபவர் பர்வீன் மேடம், வாணியம்பாடிக்காரர். எட்டு வருடம் கப்பலில் வேலை. எதையும் ஒரு தடவைதான் சொல்கிறார். பிடித்திருக்கிறது. இனி ப.மே.

ரிசார்ட் நடுவே ஒரு குட்டை. குட்டை நடுவே மண்மேடு, அதில் மூன்று குடில். கயிற்றைப் பிடித்து இழுத்துப் போகும் மிதவை. ப.மே. அதைத் தீவு என்கிறார். வியாழக்கிழமை அங்கேதான் பரீட்சை, இரண்டிரண்டு பேராக. எனக்கு ஜோடி ஒடுகத்தூர் கோபி. கேட்டரிங் படித்தவன். அறை எனக்கு, சாப்பாடு அவனுக்கு.

மதியம் சதீஷ் போன். பள்ளியிலிருந்தே கூட்டாளி.

"பேனர் வெச்சாச்சு மச்சான். பஸ் ஸ்டாண்டுக்கு எதுர்ல. கூலிங் கிளாஸ் போட்டுகினு சோக்கா கீற."

"இன்னா பேனரு?"

"'மாலத்தீவு செல்லும் அன்பு அண்ணன் அருள்'னு. பின்னால ஒரு பிளேன்."

"டேய், இன்னும் செலக்டே ஆகல."

"ஆயிடுவ. ஆனப்புறம் எவன் வேணா வெப்பான்."

கழட்டச் சொன்னேன். போனை வைத்துவிட்டான்.

நவம்பர் 25, செவ்வாய்

பனி. பத்தடி தூரத்தில் கோபி தெரியவில்லை, இருமல் மட்டும்.

படுக்கை விரிப்பு. மூலையை நாற்பத்தைந்து டிகிரியில் மடித்துச் செருக வேண்டும். தகரக் குழாய் மடிக்கிற வேலைதான். ஆறு பேரில் நான் முதல்.

சிரிப்பு. ஆறு பேரில் நான் கடைசி. கோபி: "நீ சிரிச்சா பல்லு புடுங்க வந்தவன் மாதிரி கீதுபா."

விருந்தினர் முன் செய்யக் கூடாதவை, ப.மே. போர்டில் எழுதியது:
– "அது ரிப்பேர் இல்ல, நீங்கதான் தப்பா அமுக்கிட்டீங்க."
– "இரு, வர்றேன்."
– கொட்டாவி.
மூன்றையும் சாப்பாட்டுக்கு முன்பே செய்து முடித்திருந்தேன். தப்பு அவர்கள்மேல் என்றால் அதைச் சொல்வதில் என்ன கெடுதல்? ப.மே. பதில்: "சொல்லு. சொல்லிட்டு ஆலங்காயத்துலயே இரு."

அங்கே பேனர் இருக்கிறதே, எப்படி இருப்பது.

அம்மா போன். பஸ்ஸில் போகும்போது பேனரைப் பார்த்தாயிற்றாம். "சட்ட நல்லா கீதுடா. எப்ப வாங்கன?" நான் வாங்கவில்லை. தலை மட்டும்தான் என்னுடையது. கழுத்துக்குக் கீழே எவனோ.

நவம்பர் 26, புதன்

மழை. சாக்ஸ் காயவில்லை.

இன்று ஒத்திகை. தீவில் ஒரே விதி: மிதவை ஏறும் முன் எல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டும். பாதியில் கரைக்கு வரக் கூடாது. "மறந்தா மறந்ததுதான். கடல் நடுவுல பொட்டிக்கட கெடையாது," என்றார் ப.மே.

நான் எடுத்துப் போனது: ஸ்பேனர், டெஸ்டர், மல்டிமீட்டர், இன்சுலேஷன் டேப் இரண்டு, சோப்பு, படுக்கை விரிப்பு.
மறந்தது: துண்டு.

"குளிச்சுட்டு நிக்கற விருந்தினர் இப்ப இன்னா பண்ணுவார், அருள்?"

"காயற வரைக்கும் நிப்பாரு மேடம்."

எல்லாரும் சிரித்தார்கள். ப.மே. சிரிக்காமல் பூஜ்யம் போட்டார். நாளைய மார்க்கோடு இதையும் கூட்டுவாராம்.

சதீஷுக்கு நாலு தடவை போன். நாலு தடவையும் திட்டினேன். கழட்டவில்லை.

நவம்பர் 27, வியாழன். பரீட்சை.

மழை விட்டது. குளிர் விடவில்லை. துண்டு ஆறு எடுத்தேன். இரண்டு தடவை எண்ணினேன்.

விருந்தினர் நடிகர்கள் இல்லை. இதுவரை எந்த ரிசார்ட்டிலும் தங்காதவர்களாகப் பார்த்து ப.மே. கூப்பிட்டிருக்கிறார். எங்கள் குடிலுக்கு ஒரு பஸ் கண்டக்டர், அவர் மனைவி மல்லிகா அக்கா. நேற்று சாயங்காலமே வந்து தங்கியாயிற்று. கண்டக்டர் கையில் ஒரு கவர், அதற்குள் புகார்ச் சீட்டுகள். ஒவ்வொன்றாகப் படித்து எங்களைத் திணறடிக்க வேண்டும்.

கதவைத் தட்டினேன். கண்டக்டர் என் முகத்தையே பார்த்தார்.

"நீ அந்த பேனர் புள்ளதான?"

வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் டிக்கெட் கிழிப்பது ஆலங்காயம் ரூட்டிலாம்.

"மூணு நாளா உன் மூஞ்சிலதான் விசில் அடிக்கறேன். ஆனா பாதி மறஞ்சுபோச்சுபா. மஞ்சத் தண்ணி விசேஷ பேனர் ஒண்ணு குறுக்கால வந்துட்ச்சு. உன் காதும் பிளேனு வாலும்தான் கீது."

பிறகு கவரைப் பிரித்து, கண்ணாடி போட்டு, டிக்கெட் கேட்கும் குரலில் படித்தார்: "'ஏசி கூல் ஆகல. நான் ரொம்பக் கோவமா இருக்கேன்.' நான் கோவமா இல்லபா. எழுதிகீது."

வெளியே பல் கிடுகிடுக்கும் குளிர். "மன்னிக்கணும் சார், பாக்கறேன்," என்றேன். சிரிப்பு தானாக வந்துவிட்டது.

படுக்கை போட உள்ளே போனால் ஏற்கெனவே போட்டிருக்கிறது. டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. எல்லாம் அக்கா வேலை.

"நாம படுத்தத இன்னொருத்தர் மடிச்சா நல்லாவா கீது?"

"அக்கா, நீங்க மடிச்சா எனக்கு மார்க்கு போயிடும்."

"அய்யோ. இரு, கலச்சுடறேன்." கலைத்தார். நன்றாகவே கலைத்தார், தலையணை உறை உட்பட.

பிறகு குளியலறை. தரை ஈரம், ஆனால் ஷவர் பக்கம் காய்ந்து கிடக்கிறது. மூலையில் ஐஸ் வைக்கும் சின்ன வாளி. வாசலில் கால் கழுவும் குழாய்வரை ஈரக் கால்தடம். ஹீட்டரில் விளக்கு எரிகிறது. அதிலிருந்து வெளியே வரும் குழாயைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டு சுடுதண்ணீர் ஓடவில்லை. ஒரே கைப்பிடி, எந்தப் பக்கம் சூடு என்று குறியும் இல்லை.

"ஹீட்டர் நல்லாத்தான் கீது" என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"அக்கா, பச்சத் தண்ணிலயா குளிச்சீங்க?"

"எனுக்கு அதே போதும்பா."

கண்டக்டர் குறுக்கே வந்தார். "இன்னா போதும்? நேத்துலேர்ந்து ரெண்டு பேரும் நடுங்கிகினு கீறோம். அந்தக் கைப்பிடிய இழுத்தா மேலேர்ந்து ஊத்துது, பயந்துட்டோம்."

"ஏன் சார் சொல்லல?"

"சீட்டுல அது இல்லயேபா."

பையிலிருந்து டேப் எடுத்து, கைப்பிடிக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம் ஒட்டினேன். ஷவரை நிறுத்திக் கீழ்க் குழாயைத் திறப்பது எப்படி என்று அக்காவைவிட்டே இரண்டு தடவை திருப்பிப் பார்க்கச் சொன்னேன். வெளியே வந்து காத்திருந்தேன். அரை மணி. நான் பொறுமையாகக் காத்திருந்த மிக நீண்ட நேரம் அதுதான். கதவிடுக்கில் ஆவி.

ஐந்து மணிக்கு ப.மே. சோதனை. படுக்கை சரி. துண்டு சரி. கைப்பிடியைப் பார்த்தார்.

"விருந்தினர் குழாய்ல டேப் ஒட்டச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல மேடம்."

நோட்டில் ஏதோ எழுதினார். நீளமாக. போச்சு.

நவம்பர் 28, வெள்ளி

வெயில். சாக்ஸ் காய்ந்தது.

ஒன்பது மணி, வரிசையாக நின்றோம். முதல் இரண்டு பேர் வேறு ஜோடிக்காரர்கள். மூன்றாவது கோபி. அந்த நேரத்தில் என் கண் முன் இருந்தது ஒரு காதும் பிளேன் வாலும்தான்.

ப.மே. என் தாளை எடுத்தார். அறை ஒழுங்கு: டேப்புக்காகப் பாதி மார்க் காலி. நேற்று முன்தினம்: பூஜ்யம். பிறகு விருந்தினர் தாள், கண்டக்டர் கையெழுத்து. எல்லாக் கட்டத்திலும் முழு மார்க். 'குறை' என்ற இடத்தில் ஒரே வரி, ப.மே. சத்தமாகப் படித்தார்: "சுடுதண்ணி தீந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் வேணும்."

ஐந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். நாலாவது நான்.

"அந்த டேப்ப உரிச்சிடு," என்றார். "கோணலா ஒட்டிகீற. நேரா ஒட்டிட்டுக் கெளம்பு."

மிதவை ஏறிப் போய் நேராக ஒட்டினேன். மற்ற இரண்டு குடிலுக்கும் சேர்த்து.

பஸ் ஸ்டாப்பிலிருந்து சதீஷுக்குப் போன். "டேய், செலக்ட். பேனர் இருக்கட்டும்."



"காத்தாலதான்டா கழட்டனேன். நாலு வாட்டி திட்டனியே."

"எங்க அது?"

"உங்க வூட்லதான். ஆட்டுக் கொட்டா ஒழுகுதுன்னு உங்கம்மா கேட்டாங்க."

அம்மாவுக்குப் போன். செலக்ட் ஆனதைச் சொன்னேன். சந்தோஷம், கொஞ்சம் அழுகை, எப்போது கிளம்பணும், சாப்பிட்டியா. எல்லாம் முடிந்து பேனரைப் பற்றிக் கேட்டேன்.

"நல்ல கெட்டித் துணிடா, சொட்டு ஒழுகல. படம் உள்பக்கமா கீது. ஆடுங்க படுத்துகினு உன்னத்தான் பாக்குதுங்க."