சட்டைப் பார்சலுக்குள் போன ஜூன் இதழ்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
28 ஜூன் 2009

அன்பு மகன் அர்ஹமுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் உம்மாவும் வாப்பாவும் இங்கே நலம். நீயும் பெய்ரூத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க துஆ கேட்கிறோம். இது ஃபோனில் சொல்லக்கூடிய விஷயம்தான், ஆனால் ஃபோனென்றால் நீ குறுக்கே கதைப்பாய், நான் கத்துவேன், வாப்பா பறித்து வைத்துவிடுவார். கடிதமென்றால் நான் முடிக்கும்வரை நீ வாய்மூடித்தான் இருக்க வேண்டும்.

‘ஊசிமுனை’ சஞ்சிகையின் ஜூலை இதழை மட்டும் போடாமல் விடுங்கள் உம்மா, விட முடியாதென்றால் உங்கள் பெயரையும் கடை விலாசத்தையுமாவது எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். நல்லாயிருக்கிறது மகன்! நீ ஆராய்ச்சிக்கென்று அங்கே போன நாளிலிருந்து எனக்கு என்ன எழுதினாய்? பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் அரபுச் சஞ்சிகைக்காரர் எப்படி நிமிர்ந்து நின்றார்கள், ஒன்றை மூடினால் இன்னொரு பெயரில் எப்படித் தொடங்கினார்கள், தணிக்கைக்காரன் வெட்டிய இடத்தை வேறெதனாலும் நிரப்பாமல் எப்படி வெள்ளையாகவே விட்டார்கள், எழுத்துத் தெரியாத சனத்துக்குக் கோப்பிக் கடையில் ஒருவர் உரத்து வாசிக்க எல்லோரும் எப்படிக் கேட்டார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியது நீதானே? செத்துப்போன ஆசிரியர்மாருக்கு வீரம், உயிரோடிருக்கிற உம்மாவுக்கு மட்டும் அடக்கமா? வாசித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தில் ஒரு சட்டைக் கையைத் தலைகீழாகத் தைத்துப் பிரித்தேன்.

நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறாய். ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று போன மாதம் செய்தி வந்த அன்று நானும் யோகமலரும் தையல்கடையைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்து அழுதோம். ‘ஊசிமுனை’யைத் தொடங்கிய நாளிலிருந்து டைப் அடித்துத் தருபவள் அவள்தான். அவளுடைய அக்கா இப்போது வவுனியாப் பக்கம் முகாமில், முள்ளுக்கம்பிக்குள்ளே. அந்தச் சனத்தைத் திறந்துவிடு என்று அரசாங்கத்தைப் பார்த்து எழுதினேன். அதே பக்கத்தில், தொண்ணூறாம் ஆண்டு புலிகள் இயக்கம் முஸ்லிம்களான எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டியதையும், நாங்களும் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதையும் எழுதினேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு உடுத்த உடுப்போடு நடந்தவள் நான், அதை எழுத யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்? யோகமலர் அந்த இடத்துக்கு வந்ததும் அடிக்கிறதை நிற்பாட்டினாள். பிறகு சொன்னாள், என்ரை அக்காவைத் திறந்துவிடச் சொல்லி அடிச்ச கையாலதான் இதையும் அடிக்கவேணும் ஸபீராக்கா, வேறை ஆரும் அடிக்கக் கூடாது என்று.

இதழ் அச்சாகி வந்ததும் பலசரக்குக் கடை இரத்தினவேல் அண்ணை விளம்பரத்தை நிற்பாட்டினார். செத்த வீட்டிலை நிண்டு பழங்கதை கேக்கிறதே, இப்ப உதுக்கு நேரமே என்று கேட்டார். அவருடைய துக்கம் எனக்கு விளங்காமல் இல்லை, ஆனால் அந்த நேரம் எப்போது வருமென்று கேட்டேன். மறுநாள் இறைச்சிக் கடை ரில்வான் வந்தான். எங்கள விரட்டினவங்களுக்கு நீங்க ஏன் ராத்தா வக்காலத்து என்றான். முள்ளுக்கம்பிக்குள் இருக்கிற பச்சைப் பிள்ளையா உன்னை விரட்டியது என்று கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். முகம் பார்த்துக் கதைக்காத இந்த இரண்டு பேரும் என் விஷயத்தில் மட்டும் ஒற்றுமை! இரண்டு கடையிலும் இதழ் வைக்க இடமில்லை. ரெண்டு தோணியில் கால் வைக்கிறாள் என்று ஊரெல்லாம் கதை. என் கால் தரையில்தான் இருக்கிறது, தோணியில் நிற்பவர்களுக்குத்தான் ஆடுகிறது. பெயர் சொல்லாமல் ஃபோன் எடுத்து மிரட்டியவனுக்கும் கடை திறக்கும் நேரத்தைச் சொன்னேன், இன்னும் காணவில்லை. பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன், பயந்தாலும் கை வேலையை விடவில்லை.

இதழ்க் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. தடை செய்த சஞ்சிகைகளைச் சாமானுக்குள் வைத்து எல்லை தாண்டவைத்தார்கள் என்று எழுதினாயே. இங்கே எல்லையுமில்லை, தடையுமில்லை, இரண்டு முதலாளிமார் மட்டும்தான். தைத்து முடித்த ஒவ்வொரு சாறிச் சட்டைக்குள்ளும், ஒவ்வொரு அபாயாவுக்குள்ளும் ஓர் இதழை மடித்து வைத்துப் பார்சல் கட்டினோம். கல்யாண சீசன், சொல்லவா வேண்டும்! அஜக்ஸ், விட்பி என்று எங்கெல்லாமோ போய்ச் சேர்ந்துவிட்டது. வாப்பா முதலில் முணுமுணுத்தார், இப்போது அவரே பார்சல் கட்டுகிறார்.

போன கிழமை ஆர் வந்தது தெரியுமா? இரத்தினவேல் அண்ணையின் மனைவி கமலாம்பிகை. சட்டை கை பிடிக்கிறது என்று கொண்டுவந்தாள், ஆனால் கை சரியாகத்தான் இருந்தது. மெல்லச் சொன்னாள், கண்ணாடியைக் காணேல்லை எண்டு அவர் சாட்டுச் சொன்னார், நான் விடேல்லை, சட்டைக்குள்ளை இருந்த இதழை முழுக்க உரத்து வாசிச்சுக் காட்டினனான் என்று. உன் கோப்பிக் கடை இங்கே ஒரு குசினியில் நடந்திருக்கிறது மகன். அவர் விளம்பரம் இனியும் தரமாட்டாராம். ஆனால் அடுத்த இதழ் எப்போது வருமென்று கேட்டாராம். தன் தங்கைக்கென்று இன்னும் ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த இதழ் ஜூலையில் வரும், என் பெயரோடும் விலாசத்தோடும் வரும். அதில் மூன்றாம் பக்கம் உனக்கு. உன் அரபு ஆசிரியர்மாரைப் பற்றி எழுது, எங்கள் சனத்துக்கு விளங்கும்படி எழுது, புனைபெயர் கேட்காதே. பயமாக இருந்தால் எழுதவேண்டாம், நான் வற்புறுத்த மாட்டேன். அந்தப் பக்கத்தை வெள்ளையாகவே விட்டு, அடியில் ‘அர்ஹம் மஸூர்’ என்று மட்டும் போட்டு அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல அறிவையும், உம்மாவுக்கு இருக்கிற வாயில் பாதியையும் தரட்டும். காஸ்ரிக் குளிசையை வெறும் வயிற்றில் போட மறக்காதே.

இப்படிக்கு,
உன் உம்மா
ஸபீரா மஸூர்
ஆசிரியர், வெளியிடுபவர், ‘ஊசிமுனை’
ஸபீரா தையல்கடை, லோரன்ஸ் அவெனியூ கிழக்கு, வெக்ஸ்போர்ட்