ஆறாவது வரி

மார்ச் 3, திங்கள்

குளியலறை வரிசையில் இன்றும் கடைசி நான்தான். மூன்று பேருக்கு ஒரு குளியலறை, ஒரு கண்ணாடி, ஒரு அயர்ன் பாக்ஸ். நர்ஸ் அக்காவுக்குக் காலை ஷிப்ட் என்றால் முதலில் அவர், அதில் தகராறே கிடையாது. அடுத்தது யார் என்பதில்தான் தினமும் வழக்கு. வழக்காடவே பிறந்த ஒருத்தி எங்களோடு இருக்கிறாளே. கூரியர் ஆபீஸ் கவுண்டரில் வேலை, நாங்கள் வைத்த பெயர் வக்கீல். "நேத்து நீ முதல்ல போனே, அதனால இன்னிக்கு நான்" என்பாள். மறுநாள், "நேத்து நான்தான் முதல்ல போனேன், ஆரம்பிச்ச பழக்கத்தை மாத்தக்கூடாது" என்பாள்.

இன்று வாய் நிறைய நுரையோடு, கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ ராகம் இழுத்தாள். காதுகொடுத்துக் கேட்டால், "ஒன்பது ரெண்டு ஆறு, அஞ்சு எட்டு மூணு..." அறைக்கதவின் பின்னால் நான் மாட்டியிருக்கும் எண் அட்டை! மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பது என் வேலை. பரீட்சைக்குப் படித்தபோது மாட்டியது, கழற்றச் சோம்பல்.

"படுத்தா எதிர்ல அதுதானே இருக்கு. ஆறாவது வரி வரைக்கும் மனப்பாடம். நாளைக்கு எனக்குக் கண்ணே தெரியாமப் போனாலும் உன் டெஸ்ட்ல நான் பாஸ்."

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவிலும் அதே அட்டைதான் தொங்குகிறது. ஐந்து வருடமாக.

மார்ச் 5, புதன்

எழுதினால்தான் எனக்கு ஒழுங்காக யோசிக்க வரும். எழுதிப் பார்க்கிறேன்.

அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். இருபத்திரண்டு வருடம். இப்போது பதினான்கு பிள்ளைகள். கண் சரியாக இருக்கிறது என்று வருடத்துக்கொரு முறை ஸ்கூலுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். போன வருடம், "அதுக்காக உன் கடை வரைக்கும் வரணுமா? நீயே வீட்ல பார்த்துடு, டாக்டரம்மா" என்றார். (நான் டாக்டரும் இல்லை, யாருக்கும் அம்மாவும் இல்லை. அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.) கூடத்தின் அந்தக் கோடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஆறாவது வரி வரை தங்குதடை இல்லாமல் படித்தார். அளவை எழுதினேன். கடைக்கு வாரம் இரண்டு நாள் வரும் கண் டாக்டர், அப்பாவைப் பார்க்காமலே, என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரே ஆளுக்கு ஒரே அட்டையைத் திரும்பத் திரும்பக் காட்டக்கூடாது. முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். படிக்கும் காலத்தில் நான் கை பழகியதே அப்பாவை உட்கார வைத்துத்தான். நூறு தடவையாவது அதைப் படித்திருப்பார். இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? எங்கே போயிருந்தது என் புத்தி?

ஒருவேளை எல்லாம் என் கற்பனையோ? அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, அவ்வளவுதான். கண் நன்றாகவே இருக்கலாம்.

நர்ஸ் அக்காவிடம் சொன்னேன். "நேர்ல போய்ப் பாரு. போன்ல கேட்டா எல்லா அப்பாவும் நல்லாத்தான் இருப்பாங்க" என்றார்.

மார்ச் 8, சனி. வீடு

பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். கேட்டைத் திறந்து, வேண்டுமென்றே சத்தம் காட்டாமல் நின்றேன். அப்பா வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்தடி இருக்கும். நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார்.

"யாருங்க? என்ன வேணும்?"

"அப்பா..."

"அட, நீயா! வெயில்ல கண்ணு கூசுது."

வெயிலே இல்லை. காலையிலிருந்து வானம் மூடிக் கிடக்கிறது.

கடையிலிருந்து புது அட்டை ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்திருந்தேன். அப்பா குளிக்கப் போன நேரத்தில் பழையதைக் கழற்றி, அதே ஆணியில் புதியதை மாட்டினேன். எண்கள் எல்லாம் வேறு. சாப்பிட்டு முடித்ததும், சும்மா கேட்பதுபோல, "அப்பா, இந்த வருஷத்துக்கும் ஒரு தடவை பார்த்துடலாமா?" என்றேன்.

உட்கார்ந்தார். வேட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். பிறகு, "மேல இருக்கிற கொட்டை எழுத்தெல்லாம் எதுக்கு? நேரா ஆறாவது வரிக்கே வரேன்" என்று தொடங்கினார். ஒன்பது, ரெண்டு, ஆறு. அஞ்சு, எட்டு, மூணு.

கதவில் அந்த எண்கள் இல்லை. புது அட்டையில் ஆறாவது வரி மூன்றில் தொடங்குகிறது.

அம்மா கையில் தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள். எதைப் பார்த்து நின்றாள் — அட்டையையா, என்னையா?

"என்ன, சரியா?" என்றார் அப்பா.

"சரி அப்பா" என்றேன்.

ஏன் சொன்னேன்?

மார்ச் 9, ஞாயிறு

அம்மா துணி அலசும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் கேட்கவே இல்லை, அவளாகவே சொன்னாள்.

"ஆறு மாசமா நானும் வேன்ல போறேன். பிள்ளைங்களை ஏத்தி இறக்கன்னு ஸ்கூல்ல சொல்லியிருக்கோம். முன் சீட்ல உட்காருவேன். எதிர்ல ஏதாவது வந்தா அவர் கையில ஒரு தட்டு தட்டுவேன், நிறுத்திடுவாரு. ரெண்டு தட்டு தட்டினா போகலாம்னு அர்த்தம்."

"அம்மா! உனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே!"

"மெதுவாத்தான் போறோம். இன்னிவரைக்கும் வண்டியில ஒரு கீறல் இல்லை."

"டாக்டர்கிட்ட காட்டலாம்மா."

"காட்டினா ஓட்டாதேன்னு சொல்லுவாங்க. வேனை விட்டா அந்த மனுஷன் என்ன ஆவாருன்னு நெனச்சுப் பார்த்தியா? இந்த ஒரு வருஷம் போகட்டும். நீ ஒண்ணும் கேட்டுடாதே. அவர் மனசு விட்டுப்போயிடும்."

நான் எதுவும் கேட்கவில்லை. அப்பா பஸ் ஸ்டாண்டு வரை வேனில் கொண்டுவந்து விட்டார். அம்மாவும் கூடவே ஏறிக்கொண்டாள்.

மார்ச் 10, திங்கள்

வாளியை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று வக்கீல் ஆரம்பித்தாள். நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு அழுகை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

நர்ஸ் அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டே, "முதல்ல அப்பாகிட்ட பேசு, அவருக்குத் தெரியாம எதையும் செய்யாதே" என்றார். எதிர்க்கட்சி பேச வேண்டியவள் பேசவே இல்லை. வாளியை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "பதினாலு பேருமே சின்னப் பிள்ளைங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 12, புதன்

ஸ்கூலுக்கு போன் செய்தேன். ஒரு அம்மாள் எடுத்து, "சொல்லுங்க" என்றார்.

"உங்க ஸ்கூல்ல... பரீட்சை லீவு எப்போங்க?"

தேதி சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். என்னைப்போல ஒரு கோழை உண்டா!

மார்ச் 14, வெள்ளி

அப்பாவிடமிருந்து கூரியர். வக்கீலின் கவுண்டருக்குத்தான் வந்திருக்கிறது, அவளே எடுத்து வந்தாள். இந்த வருடத்துச் சான்றிதழ்ப் படிவம். அப்பாவின் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே, கோட்டுக்கு மேலே ஏறிப் போயிருக்கிறது. கூட ஒரு துண்டுக் காகிதம்: "டாக்டரம்மா, போன வருஷம் மாதிரியே போட்டு அனுப்பு."

போன வருஷம் மாதிரியே. அப்படியென்றால் தன் பார்வை மங்கியது போன வருடமே அவருக்குத் தெரியுமா? தெரிந்துதான் என் முன்னால் உட்கார்ந்து ஒப்பித்தாரா?

மார்ச் 16, ஞாயிறு

படிவம் தலையணைக்கு அடியில். வீட்டுக்குப் போகவில்லை. கடையில் கணக்கெடுப்பு என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் ரோட்டில் ஒரு ஸ்கூல் வேன் போனது. யாருடைய வேனோ. அது திருப்பத்தில் மறையும் வரை நின்று பார்த்தேன். கடைக்கு இருபது நிமிடம் லேட்.

மார்ச் 19, புதன்

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். போன வருடத்து அளவு பொய், அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது, இப்போது தெரியும் என்று. மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "ஆளைப் பார்க்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு" என்றார். "இந்த வாரமே போய் ஒழுங்கா அளந்து எழுதிக்கிட்டு வாம்மா. திங்கட்கிழமை என் கையில இருக்கணும். இல்லைன்னா ஸ்கூலுக்கு நானே போன் பண்றேன்."

அப்பாவுக்குப் பார்வை திரும்புமா என்று கேட்டேன். சர்க்கரையால் போனது போனதுதானாம். இருப்பதைக் காப்பாற்றலாம், அதுவும் சீக்கிரம் வந்தால்.

மார்ச் 22, சனி. வீடு

நேற்று மாலையே வந்துவிட்டேன். இன்று பள்ளிக்கூடம் அரை நாள். நானும் வேனில் ஏறினேன்.

பின் இருக்கையில், பிள்ளைகளோடு. முன்னால் அம்மாவின் கை அப்பாவின் முழங்கை மேலேயே இருந்தது. ஒரு தட்டு, வண்டி நின்றது. இரண்டு தட்டு, நகர்ந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு வாண்டு, முன்பல் இரண்டும் இல்லை, தன் வாய்ப்பாட்டை என்னிடம் சொல்லிக்காட்டிக்கொண்டே வந்தது. ஒரு இடத்தில் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்தார், அம்மா தட்டினாள், அப்பா நிறுத்தினார். அவ்வளவுதான். எதுவுமே ஆகவில்லை. ஆனால் என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பிள்ளைகள் இறங்கியதும் அப்பா இஞ்சினை நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"பார்த்தியா? ஒண்ணும் ஆகலை."

"அப்பா, அன்னிக்கு நான் அட்டையை மாத்திட்டேன்."

"தெரியும். கதவுப் பக்கம் வந்ததுமே புது மை வாசனை. உட்காரும்போதே தெரியும்."

"தெரிஞ்சுமா பழசையே சொன்னீங்க?"

"சொன்னேன். நீ சரின்னு சொன்னே. என் பொண்ணு என் பக்கம்தான்னு நெனச்சுக்கிட்டேன். அன்னிக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாத் தூங்கினேன்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். என்ன சொல்லியிருக்க வேண்டும்? இப்போது யோசித்தாலும் எனக்குத் தெரியவில்லை. "திங்கட்கிழமை டாக்டர் கேட்பாரு அப்பா" என்றேன், யார் மேலாவது பழியைப் போட்டால் போதும் என்பதுபோல.

வீட்டுக்கு வந்ததும் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அளந்துக்கோ."

முதல் வரி படித்தார். இரண்டாவது வரியில் ஒன்று சரி, ஒன்று தப்பு. மூன்றாவதில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அதுக்குக் கீழ ஏதாவது இருக்காம்மா?"

மார்ச் 24, திங்கள்

உள்ளதை எழுதினேன். டாக்டர் இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஸ்கூல் முகவரிக்கு உறை. வக்கீலின் கவுண்டரில் கொண்டுபோய் வைத்தேன். எடை போட்டாள், சீட்டு ஒட்டினாள். கடைசியில், "அனுப்பட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

என்னால் வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளே முத்திரை குத்தினாள்.

ஏப்ரல் 5, சனி

வேனுக்குப் புது டிரைவர் வந்துவிட்டாராம். பிள்ளைகள் பழகிவிட்டார்கள் என்று அம்மாவை மட்டும் தொடர்ந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாளே பழக்கதோஷத்தில் அந்த டிரைவர் கையைத் தட்டிவிட்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

"அப்பாகிட்ட கொடும்மா."

"குளிக்கிறாரு."

இரண்டு வாரமாக நான் கூப்பிடும்போதெல்லாம் அப்பா குளித்துக்கொண்டே இருக்கிறார்.

ஏப்ரல் 16, புதன்

இருக்கும் பார்வையைக் காப்பாற்ற, இங்கே கண் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கண்ணில் முதல் ஊசி. நர்ஸ் அக்கா தெரிந்தவர்களிடம் பேசி நாள் வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு வேன் வேலை, அதனால் அப்பா தனியாக பஸ் ஏறி வந்தார். இறங்கியதும், "அப்பா, நான்தான்" என்றேன். தலையை ஆட்டினார்.

அறைக்குக் கூட்டி வந்தேன். வக்கீல் லீவு போட்டுவிட்டு அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள். கதவின் பின்னால் வெறும் ஆணி. அட்டை எங்கே என்று நான் கேட்கவில்லை. அப்பா அவளிடம் வேலையைப் பற்றிக் கேட்டார், நர்ஸ் அக்காவிடம் நன்றி சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. டீ கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி எதிர்ச்சாரியில். ரோட்டோரம் வந்ததும் அப்பா நின்றார். வண்டிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு தைரியம் இல்லை. கையைப் பிடிக்கலாமா? உதறிவிட்டால்?

அப்பா முழங்கையை மட்டும் லேசாக என் பக்கம் நீட்டினார்.

ஒரு லாரி வந்தது. ஒரு தட்டு தட்டினேன். நின்றார். லாரி போனது, பின்னாலேயே ஒரு பஸ்ஸும் போனது. ரோடு காலியானதும் இரண்டு தட்டு தட்டினேன்.

அப்பா ரோட்டில் கால் வைத்தார்.