நான்காம் மதகைத் திறக்கும் உரிமை குறித்து ஈச்சந்துறைக் கோமானுக்கு

ஏரி நிறைக, கரை நிலைக்க, கடைமடை வரை ஈரம் சென்று சேர்க. கோமளப் பேரேரிக்கும் அதன் மதகுகள் அனைத்துக்கும் உடையவர், மணற்கோட்டை அரியணையில் வீற்றிருப்பவர், தென்னிலவ நாட்டு மன்னர் ஸ்ரீ வேங்கைமாறத் தேவரின் திருவாய்மொழி கேட்டு, அவருடைய முதல் மந்திரியும் திருமுத்திரை காப்பவளுமாகிய உலகுடையாள் எழுதும் ஓலை.

ஈச்சந்துறைப் பாளையத்தின் கோமானும், பட்டத்தரசியாரின் உடன்பிறந்த தம்பியும், விருந்தோம்பலில் இந்நாட்டில் எவருக்கும் சளைக்காதவருமாகிய பொன்னம்பலச் சேதிராயர் சமூகத்துக்கு வணக்கம். தங்கள் பாளையத்துப் பயிர்களும் பிள்ளைகளும் செழிப்பாக இருக்கட்டும். சென்ற மாதம் காது குத்திய தங்கள் செல்வ மகளுக்குப் புண் ஆறித் தோடு ஏறியிருக்கும் என நம்புகிறேன். மருமகளுக்கென்று பட்டத்தரசியார் கொடுத்த முத்துத் தோடுகள் இவ்வோலையுடன் வருகின்றன. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் தூதர் ஆதிநாதர் சென்ற வெள்ளியன்று நிறைசபையில் வந்து நின்று, தங்கள் மனக்குறையை உரத்த குரலில் எடுத்துரைத்தார். மடைவாசல் என்னும் நம் நாட்டு இணையச் செயலியில் தாங்கள் நுழைந்தால் முன்பு எல்லா வாயில்களும் திறந்திருந்தன என்றும், இப்போது ஏரியின் நீர்மட்டமும் பாசன முறையும் மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன என்றும், மன்னரின் மைத்துனரை வாசலில் நிறுத்தி வைப்பது எந்த ஊர் மரியாதை என்றும் கேட்டார். கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் நீளமானது, பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

மடைவாசல் எப்படிப் பிறந்தது என்பது தங்களுக்குத் தெரியும். ஏரியில் எவ்வளவு நீர் இருக்கிறது, இன்று யார் வயலுக்கு முறை, எந்த மதகு திறந்திருக்கிறது என்பதை எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே பார்க்கவும், மதகுகளைக் கைச்சக்கரம் சுற்றாமல் மின்விசையால் திறந்து மூடவும் மன்னர் விரும்பினார். செயலி எழுதும் நிரலகத்துப் பிள்ளைகள் ஓராண்டு உழைத்து அதைச் செய்தார்கள். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களும் இந்த மண்ணின் பிள்ளைகள்தாமே. வீட்டுக்கு வந்தவரை நீர் யார், எதற்கு வந்தீர் என்று கேட்பதும், இந்த அறைக்குள் வராதீர் என்று தடுப்பதும் தென்னிலவ நாட்டில் பெரும் அவமரியாதை. ஆகவே செயலியில் பெயர் பதிந்த ஒவ்வொருவருக்கும், மரியாதைக் குறைவு வந்துவிடக் கூடாதே என்று, மன்னருக்குரிய அதிகாரம் முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அரண்மனைச் சோதிடருக்கு மதகு திறக்கும் உரிமை இருந்தது. பூ கட்டும் பெண்களுக்குப் பாசன முறையை மாற்றி எழுதும் உரிமை இருந்தது. தங்களுக்கும் இருந்தது.

அதோடு நிற்கவில்லை அவர்களுடைய பணிவு. நாட்டில் நடக்கும் நல்லது யாவும் மன்னர் செய்ததே என்று சொல்வது நம் வழக்கமல்லவா. அந்த வழக்கப்படி, யார் எதைத் தொட்டாலும் மன்னர் செய்தார் என்றே செயலி குறித்து வைத்தது. படிக்க இனிமையாகத்தான் இருந்தது. யார் செய்தார் என்று தேட வேண்டிய நாள் வரும்வரை எவருக்கும் அது உறுத்தவில்லை.

அந்த நாள் தங்கள் மகளின் காதணி விழா நாளாக அமைந்தது. நண்பகலில் நான்காம் மதகு திறந்துகொண்டது. முறை இல்லாத வேளை, கேட்பார் இல்லாத நீர், தரிசு நிலத்தில் பாய்ந்து பொழுது சாயும்வரை ஓடியது. கடைமடைக் குடிகளின் நாற்றங்கால்களுக்கு மறுநாள் போக வேண்டிய பங்கு அது. நாற்று கருகியதைக் கண்ட அந்த மக்கள் அழுதுகொண்டு தங்கள் மாளிகை வாசலுக்கு வந்தார்கள். மன்னர் திறந்தார் என்று செயலி சொன்னது. மன்னரைப் பிடித்து விசாரிக்க முடியாதே. ஆகவே மதகுக்கு மிக அருகில் இருந்தவரைப் பிடித்தார்கள். நான்காம் மதகின் காவலர் இருளாண்டி அன்று முதல் தங்கள் சிறையில் இருக்கிறார்.

நான் அவரைப் போய்ப் பார்த்தேன். சிறைக்குள் வர அனுமதி தந்தமைக்குத் தங்களுக்கு நன்றி. அவர் அழவில்லை, கெஞ்சவுமில்லை, கோபமாக இருந்தார். அவர் சொன்ன சொற்களை நாகரிகப்படுத்தாமல் அப்படியே எழுதுகிறேன்: "அய்யா வீட்டு விருந்துல கடைசிப் பந்தியில உக்காந்திருந்தேன் தாயி. பாயசம் ஊத்திக்கிட்டு இருந்தாக. அந்த நேரத்துல நான் எதுக்கு மதகத் தொறக்கணும்? அப்பிடியே தொறந்தாலும், தொறந்தத மூடத் தெரியாதவனா நானு?" காவலர் விருந்துக்குப் போனது குற்றமா என்றால், அழைத்தது தாங்கள். அவர் மடியில் கைபேசி இருந்தது, அதில் மடைவாசல் இருந்தது, ஆகவே அவர்தான் திறந்திருப்பார் என்பது வழக்கு. அதே செயலி அந்த விருந்துக்கு வந்த பாதிப் பேர் மடியிலும் இருந்தது என்பதை எவரும் யோசிக்கவில்லை.

வெளியே நடந்தது இன்னும் கொடுமை. கடைமடைக் குடிகள் அவர் வீட்டோடு பேச்சை நிறுத்தினார்கள். அவருடைய மனைவி பூவாயி கிணற்றடிக்குப் போனால் மற்றப் பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு விலகிப் போனார்கள். காலமெல்லாம் ஊருக்குத் தண்ணீர் விட்டவர் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. அதையும் அன்றே கேட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் நிரலகத்தைக் கூட்டினேன். மரியாதையை விருந்தில் காட்டுங்கள், செயலியில் வேலைக்குத் தக்க உரிமையைக் காட்டுங்கள் என்று ஆணையிட்டேன். அதிகாரம் இனி ஆளுக்கு அல்ல, பணிக்கு. பார்வையாளர் என்றொரு பணி: நீர்மட்டத்தையும் முறையையும் பார்க்கலாம், எதையும் தொட முடியாது. முறை எழுதுபவர் என்றொரு பணி: யாருக்கு எந்நாள் நீர் என்று எழுதலாம், மதகில் கைவைக்க முடியாது. மதகுக் காவலர் தம் மதகு ஒன்றை மட்டும் திறக்கலாம், அதுவும் எழுதிய முறைப்படி மட்டும். யாருக்கு எந்தப் பணி என்று செயலியில் பதிபவர் வேறொருவர், அவருக்கு மதகே கிடையாது. ஒருவர் பணியை விட்டு எழுந்தால் உரிமை பணியோடு நின்றுவிடும், அவரோடு வீட்டுக்குப் போகாது. எந்தப் பணியும் இல்லாமல் புதிதாக வருபவருக்கு எந்த வாயிலும் திறக்காது. செய்தவர் எவரோ அவர் பெயரே இனிக் குறிக்கப்படும், மன்னர் தலையில் எதுவும் ஏற்றப்படாது.

முதல் முயற்சியில் பிள்ளைகள் என்னை ஏமாற்றப் பார்த்தார்கள், அல்லது தம்மையே ஏமாற்றிக்கொண்டார்கள். உரிமை இல்லாதவர் திரையில் மதகு பட்டனை மறைத்துவிட்டு, முடிந்தது அம்மணி என்று வந்து நின்றார்கள். நிரலகத் தலைவி செண்பகவல்லி அமர்ந்து, பட்டன் இல்லாமலே அந்தப் பக்கத்தின் முகவரியை நேராகத் தட்டினாள். ஆறாம் மதகு திறந்தது. கதவு திறந்தே கிடக்க, அதன்மேல் திரைச்சீலையைத் தொங்கவிட்டுப் பூட்டிவிட்டோம் என்றால் எப்படி? பிறகுதான் காவலைத் திரையிலிருந்து எடுத்து உள்ளே இருக்கும் சர்வரிலேயே வைத்தார்கள். இப்போது எவர், எந்த வழியாக, என்ன கேட்டு வந்தாலும், இது உம் பணியில் உண்டா என்று சர்வர் முதலில் கேட்கும். இல்லையென்றால் உமக்கு அனுமதி இல்லை என்று சொல்லும். ஆள் யாரென்று பார்த்து அது வழிவிடுவதில்லை.

இதில் தாங்கள் மட்டும் தாழ்த்தப்பட்டதாக எண்ண வேண்டாம். சோதிடர் என்னோடு பேசுவதை நிறுத்தி நாளாயிற்று, எனக்கு அது நிம்மதியாகவே இருக்கிறது. மன்னரிடம் சென்று திட்டத்தை விளக்கியபோது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தமக்கு என்ன பணி என்று வினவினார். யாவற்றையும் காணும் பணி, எதையும் திறக்காத பணி என்று விண்ணப்பித்தேன். வெற்றிலையை மென்றபடி ஏரியைப் பார்த்தார். பிறகு, இனித் தம் பெயரில் எவரும் தண்ணீர் திருட முடியாது என்றால் அதைவிடப் பெரிய அதிகாரம் தமக்கு வேண்டாம் என்று திருவாய்மலர்ந்தார். என் பெயரையும் மதகுகளிலிருந்து நானே எடுக்கச் சொல்லிவிட்டேன்.

இப்போது தங்கள் தூதரின் பேச்சுக்குத் திரும்புகிறேன். தங்கள் பெருமையை நிலைநாட்ட வேண்டும் என்னும் ஆர்வத்தில் அவர் எழுத்துத் தமிழை விட்டுவிட்டு ஊர்ப்பேச்சில் இறங்கினார். சபையோர் அனைவரும் கேட்டது இது: "எங்க அய்யாவுக்கு அதிகாரம் இல்லேன்னு யாரு சொன்னது? காதணி விருந்தன்னிக்கு மத்தியானம், பந்தி நடந்துக்கிட்டு இருக்கையில, வந்த சம்பந்திமாருக்குக் காட்டணும்னு கைபேசிய எடுத்து நாலாம் மதகத் தொட்டாரு. தொட்ட உடனே படத்துல தண்ணி சும்மா குபுகுபுன்னு பாஞ்சுது. எல்லாரும் கை தட்டுனாக. இன்னிக்கு அந்த பட்டனையே காணோம்."

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது ஆதிநாதருக்கே உறைத்தது. நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். மன்னர் கேட்டபோது ஒரு சொல்லையும் மாற்றாமல் மீண்டும் சொன்னார். அவர்மேல் தாங்கள் கோபம் கொள்ளக் கூடாது என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

தாங்கள் அறிந்தே செய்தீர்கள் என்று நான் எழுதவில்லை. அது வெறும் படம், விளையாட்டு என்று எண்ணியிருப்பீர்கள், பந்தி வேலையில் மூட மறந்திருப்பீர்கள். கொடுக்கக் கூடாததை மரியாதை என்று தங்கள் கையில் கொடுத்தது மணற்கோட்டை. அந்தத் தவறில் எங்கள் பங்கை ஏற்று, கருகிய நாற்றுக்கு ஈடாகப் புது நாற்றும், ஐந்தாம் மதகு வழியாக அதற்குரிய நீரும் கடைமடைக்கு அனுப்பிவிட்டோம். அம்மக்களுக்கு இப்போது குறையில்லை.

ஆனால் இருளாண்டி இன்னும் உள்ளே இருக்கிறார். அவரை விடுதலை செய்க என்று ஆணையிட எனக்கு உரிமை இல்லை. பாளையத்துச் சிறை பாளையக் கோமானின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பது மன்னரின் பாட்டனார் காலத்து உடன்படிக்கை. பிறர் வாயிலில் கைவைக்கக் கூடாது என்று இத்தனை பக்கம் எழுதிவிட்டு நானே அதை மீற மாட்டேன். ஆகவே என் அதிகாரத்துக்குள் இருப்பதை மட்டும் ஆணையாகவும், மற்றதைத் தகவலாகவும் எழுதுகிறேன்.

ஆணை இது. ஈச்சந்துறைக் கோமான் இனி மடைவாசலில் பார்வையாளர். நான்காம் மதகின் காவலர் யார் என்று தீர்மானிக்கும் உரிமை, நிறைசபையில் அன்றே அறிவித்தபடி, கடைமடை ஊர்ச்சபைக்கு. அவர்கள் தேர்ந்தவர் கைரேகைக்கு மட்டுமே அம்மதகு திறக்கும், வேறெவர் கைக்கும் திறக்காது.

தகவல் இது. தூதரின் பேச்சு கடைமடைக்கு எட்டிய அன்றே ஊர்ச்சபை கூடியது. மறுபேச்சில்லாமல் இருளாண்டியையே மீண்டும் காவலராகத் தேர்ந்தார்கள். வாளியோடு விலகிப் போன அதே பெண்கள் குடங்களில் நீர் சுமந்து பூவாயியின் வாசலுக்குப் போனார்களாம். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

இன்னொரு தகவலும் உண்டு. நான்காம் மதகின் அடுத்த முறை, வரும் பௌர்ணமியன்று, தங்கள் சொந்தப் பண்ணைக்கு. கதிர் பால் பிடிக்கும் பருவம், ஒரு முறை தவறினாலும் பதராகிவிடும் என்பதை நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை. மன்னர் தொட்டாலும் அம்மதகு திறக்காது. நேற்று நானே தொட்டுப் பார்த்தேன், உமக்கு அனுமதி இல்லை என்றது. பழைய கைச்சக்கரத்தைப் பொருத்தலாம் என்றால், அதை உருக்கித்தான் தங்கள் மாளிகை வாசலில் மணி வார்த்துத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். தங்கள் வயலுக்குத் தண்ணீர் விடும் உரிமை இந்நாட்டில் ஒரே ஒருவர் கையில் இருக்கிறது, அவரும் தங்கள் சிறையில் இருக்கிறார்.

ஊர் தேர்ந்தெடுத்த செய்தி அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லியனுப்பவில்லை. தாங்களே போய்ச் சொல்லுங்கள்.

வேங்கை முத்திரை மன்னர் முன்னிலையில் இடப்பட்டது. இவ்வோலையைப் படிக்கும் உரிமை சேதிராயருக்கு, படிக்கக் கேட்கும் உரிமை ஈச்சந்துறைக் குடிகள் எல்லாருக்கும், ஒரு சொல்லையேனும் மாற்றும் உரிமை எழுதிய எனக்கும் இல்லை.

இப்படிக்கு, திருமுத்திரை காக்கும் உலகுடையாள்.