நீ இல்லாத படம்

என்னவளே,

நீ கண்மூடி இருபது நாளாகிறது. உன் சாவியை ஒப்படைக்க நேற்று உன் மையத்துக்குப் போனேன். பூட்டிக் கிடக்கும் என்றுதான் நினைத்தேன்.

போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களில் யாருக்கு யார் கூட்டாளி என்று வட்டமும் கோடுமாக நீ வரைந்த படம் சுவரிலேயே இருந்தது. "உன்னையே வரைய மறந்துட்டியே!" என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். "நான் இல்லாட்டியும் ஓடணும்ல, மக்கு" என்றாய்.

ஓடுகிறது. எச்.ஐ.வி. தொற்றிவிடாமல் இருக்க, படத்தில் அதிகக் கோடுகள் சேரும் வட்டமான பெயின்டர் தன் கூட்டாளிகளுக்குப் புது ஊசி கொடுத்துக்கொண்டிருந்தான். "டாக்டர் சொன்னாக்கூட கேக்காதவன் நான் சொன்னா கேக்குறான், சார். அக்கா கண்டுபிடிச்ச வழி" என்றான்.

நான் பார்ப்பதும் நெட்வொர்க் வேலைதான், கம்ப்யூட்டர் நெட்வொர்க். அங்கே ஒரு சுவிட்ச் போனால் மொத்த ஆபீசும் படுத்துவிடும். நீ கட்டியதுதான் நெட்வொர்க்.

படத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு வட்டம்: 'அக்கா வீட்டுக்காரர்'. பெயின்டரிடமிருந்து அதற்கு ஒரு கோடு.

"இது எதுக்குப்பா?"

"உங்கள நான் பாத்துக்கணும்னு நாங்கல்லாம் பேசி வச்சோம். சாப்டீங்களா, மாமா?"

இன்றும் போனில் அதையே கேட்டான். பொய் சொல்ல வாய் வரவில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

உன் மக்கு