காக்கைக்குச் சோறு வைத்தது உமாமகேஸ்வரி அல்ல, நான்

அனுப்புநர்:
ப. ரக்ஷனா,
முதுகலை முதலாண்டு மாணவி,
திருமதி உமாமகேஸ்வரி அவர்கள் வீட்டில் வாடகை அறை,
ஒன்பதாம் மாடி, சுவா சூ காங், சிங்கப்பூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம்,
சுவா சூ காங், சிங்கப்பூர்.

பொருள்: பறவைக்கு உணவிட்டதாகத் திருமதி உமாமகேஸ்வரி மீதுள்ள புகாரை நீக்கி, என் பெயரில் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 2.9.2025.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். மனு எழுதுவது எனக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி மட்டும் ஏழு மனுக்கள் எழுதியிருக்கிறேன். என் மீதே நான் எழுதும் முதல் மனு இது. நான்கு மொழிகளில் எதில் வேண்டுமானாலும் பதில் எழுதலாம் என்று தங்கள் கடிதத்தின் அடியில் கண்டு சற்று நேரம் அசந்து போனேன். ஆகவே தமிழிலேயே எழுதுகிறேன்.

2. தண்ணீர்ச் சுத்திகரிப்பு படிப்பதற்காக ஆகஸ்ட் 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்தேன். வந்த மறுநாளே இங்குள்ள குட்டி ரயிலில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஒரு முழுச் சுற்று சுற்றினேன். அதில் ஒரு நன்மை விளைந்தது. அடுக்குமாடி வீடுகளின் ஓரமாக ரயில் போகும்போது சன்னல் கண்ணாடி தானாகவே வெளுத்துவிடுவதைப் பார்த்தேன். பெட்டி பழுதாகிவிட்டது என்று பதறிய என்னிடம், அடுத்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பிறத்தியார் வீட்டைப் பார்க்காதே என்று ரயிலுக்கே சொல்லி வைத்திருக்கும் ஊரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அன்றே இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது. இப்படிப்பட்ட ஊரில் நான் செய்த காரியத்தைக் கீழே தெரிவிக்கிறேன்.

3. என் தந்தை பரமசிவம் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் வேலையில் இருந்தவர். அவருடைய திதி இந்த ஆண்டு ஆகஸ்ட் 20, புதன்கிழமை வந்தது. திதியன்று சமைத்து, முதலில் காக்கைக்கு ஒரு பிடி வைத்து, அது எடுத்த பிறகே வீட்டில் உள்ளவர்கள் சாப்பிடுவது எங்கள் வழக்கம். காக்கையாக வருவது இறந்தவரே என்பது நம்பிக்கை. நான் ஒரே பிள்ளை. ஊரில் அம்மா வைத்தாலும், நீயும் உன் கையால் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

4. முதல் நாள் மாலை தேக்கா சந்தைக்குப் போய் வாழையிலையும் எள்ளும் வாங்கினேன். நான் சொல்லாமலேயே, திதியா என்று விசாரித்துக் கடைக்காரர் நல்ல நுனியிலையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். திருமதி உமாமகேஸ்வரி பள்ளி உணவகம் ஒன்றில் கடை வைத்திருப்பவர், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவார். திதியன்று எனக்காக அடுப்பைத் துடைத்து, வாழைக்காயைக்கூட நறுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். என்னைத் தெரிந்து அவருக்கு அப்போது பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

5. ஊரில் மொட்டை மாடிச் சுவரில் வைத்துக் கூப்பிட்டால் போதும். இங்கே ஒன்பதாம் மாடியில் கம்பி போட்ட சன்னல். எனவே காலை ஏழரை மணிக்குக் கீழே இறங்கி, புல்தரை ஓரத்தில் இலையை வைத்தேன். தூறல் இருந்ததால் வீட்டிலிருந்த குடையை எடுத்துப் போயிருந்தேன். மஞ்சள் பூப் போட்ட அந்த நீலக் குடை உமாமகேஸ்வரி அவர்களுடையது என்று எங்கள் அடுக்குமாடி புளோக் முழுவதற்கும் தெரியும். தங்கள் கடிதத்தோடு வந்த கேமராப் படத்தில் முதுகைக் காட்டி நிற்பது அவர் அல்ல, நான். கையை ஓங்கியிருப்பது, இலைக்கு முதலில் வந்து சேர்ந்த மைனாக்களை விரட்டுவதற்காக. மைனாக்களுக்கு நான் உணவிடவில்லை, விரட்டினேன் என்பதையும் தயவுகூர்ந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

6. பறவைகளுக்கு உணவிடக் கூடாது என்ற பலகையை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். அதில் புறாப் படம் மட்டும் இருந்ததால் காக்கைக்குப் பொருந்தாது என்று என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன். உண்மையில் பறவைக்கு உணவு கொடுப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்குச் சோறு வைத்தேன். ஆனால் அந்த இலையையும் சிதறிய சோற்றையும் குனிந்து பொறுக்கியவர் தங்கள் துப்புரவுப் பணியாளர் என்பதைப் பிறகு அறிந்து வெட்கப்பட்டேன். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். எலி வரும், அதனால்தான் வைக்கக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

7. தங்கள் கடிதம் வீட்டு உரிமையாளர் பெயருக்கு வந்தது. அவர் அதை என்னிடம் காட்டவில்லை. குளிர்பெட்டியின் மேல் அரிசி டப்பாவுக்கு அடியில் தற்செயலாகக் கண்டேன். அதற்குள் அவர் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, சோறு வைத்தது தாமே என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஏன் என்று சண்டை போட்டேன். "லெட்டர் எனக்குத்தானே வந்துருக்கு? நீ படிக்க வந்த பிள்ளை, உன் ஸ்டூடண்ட் பாஸ்ல ஏதாச்சும் ஆயிட்டா உங்கம்மாவுக்கு நான் என்னா பதில் சொல்றது? போய் படி லா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். சன்னல் வழியே புறாவுக்கு ரொட்டி போட்டதாக அவருக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை உண்டு. இது இரண்டாம் முறை என்பதால் வழக்காகலாம் என்று கடிதத்தில் உள்ளது. என் அறையில் முன்பு தங்கியிருந்த மாணவியைப் பற்றி அவர் பிரியமாகப் பேசும் விதத்தைப் பார்த்தால், அந்த ரொட்டியும் அவர் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. இத்தகைய மனிதரை வழக்கில் நிறுத்துவதை என்னால் தாங்க முடியாது.

8. மறுநாள் நானே தங்கள் அலுவலகத்தை அழைத்தேன். திரு. சேதுபதி என்ற அலுவலர் என் கதை முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டு, "எழுத்துல குடுங்கம்மா, கண்டிப்பா பார்க்குறோம்" என்றார். பார்ப்பார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஒரு மனுவை நம்பிக்கையோடு எழுதுவது எனக்குப் புது அனுபவம்.

9. ஆகவே, திருமதி உமாமகேஸ்வரி மீதுள்ள புகாரை நீக்கி, நடவடிக்கை எதுவானாலும் என் மீது எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என் மாணவர் அனுமதிக்கு அதனால் பாதகம் வந்தாலும் ஏற்கிறேன். சரிபார்ப்பதற்காக, அதே குடையுடன் அதே இடத்தில் முதுகைக் காட்டி நான் நிற்கும் படத்தை இணைத்துள்ளேன். இனி இவ்வாறு செய்ய மாட்டேன்.

10. இன்னும் ஒரு வேண்டுகோள் உண்டு. அன்று இருபது நிமிடம் காத்திருந்தும் காக்கை வரவில்லை. ஒன்பது மணிக்கு வகுப்பு. இலையை அப்படியே விட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடினேன். அம்மா தொலைபேசியில் கேட்டபோது, "எடுத்துருச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா ஊரில் சாப்பிட்டார். நான் அன்று சாப்பிடவில்லை. மூன்று வாரமாக இந்தப் பொய் என் நெஞ்சை அறுக்கிறது. தங்கள் கேமரா நான் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஒரு காக்கையாவது அந்த இலைக்கு வந்ததா என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். வந்திருந்தால், அதையும் என் குற்றத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

இடம்: சுவா சூ காங்
நாள்: 8.9.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ப. ரக்ஷனா
(பரமசிவத்தின் மகள்)